எண்ணப்பட்டோரும் கேட்கப்பட்டோரும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வீட்டுக் கூடத்தில் வானொலியைச் சுற்றி அமர்ந்திருப்போர் சிலருக்குக் கூச்சத்தைத் தரக்கூடும். உடலை விலைப்படுத்திப் பிழைக்கும் பெண்களைப் பற்றி அறிஞர்கள் நடத்திய ஆராய்ச்சிகளும், அவ்வாராய்ச்சிகளை அரசாங்கங்கள் எவ்வாறு கையாண்டன என்பதுமே அப்பொருள். கூச்சத்துக்கு இடமில்லாதவாறு பேச முயல்வேன். ஆயினும், இவ்விடயத்தில் நாம் வாய் மூடியிருந்த காலமெல்லாம் சட்டங்கள் வாய் மூடியிருக்கவில்லை என்பதனை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பழைய இலக்கணம் பரத்தை என்றது. வள்ளுவர் தமது நூலின் 92ஆம் அதிகாரத்துக்கு வரைவின் மகளிர் என்று பெயரிட்டார். பொதுமகளிர் என்றும் விலைமாதர் என்றும் பிற்காலத்தார் வழங்கினர். இவை யாவும் அப்பெண்ணை வெளியே நின்று நோக்கியவர் இட்ட பெயர்கள். பாலியல் தொழிலாளி என்று இக்காலத்தில் வழங்குகின்ற பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அதன் ஆங்கில மூலத்தை 1970களின் பிற்பகுதியில் ஆக்கியவர் கரோல் லீ என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவர் தாமே அத்தொழிலில் இருந்தவர். உள்ளேயிருந்து வந்த பெயர் என்ற ஒரு காரணத்துக்காகவே நான் அதனைப் பெரும்பாலும் கையாளப் போகிறேன். பழைய நூல்களைப் பற்றிப் பேசும்போது பழைய சொற்களும் வரும்.

இத்துறையில் முறையான ஆராய்ச்சி தொடங்கிய இடம் பாரிஸ் மாநகரம். தொடங்கியவர் பரோன்-துஷாத்தலே என்னும் வைத்தியர். 1790இல் பிறந்த அவர் நகரச் சுகாதாரத்தில் வல்லுநர். பாரிஸ் நகரத்தின் கழிவுநீர்க் கால்வாய்களைப் பற்றி 1824இல் ஒரு நூல் எழுதியவர். அதன் பின்னர் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள், பொலிஸாரின் பதிவேடுகளைப் புரட்டியும், வைத்தியசாலைகளுக்கும் சிறைச்சாலைகளுக்கும் விடுதிகளுக்கும் நேரிற் சென்றும், பாரிஸ் நகர விலைமாதரைப் பற்றிய செய்திகளைத் திரட்டினார். அவருடைய பெருநூல் 1836இல் இரண்டு பாகங்களாக வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை.

அந்நூலில் அவர் எண்ணாதது ஒன்றில்லை. பதிவேட்டிலிருந்த பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட பெண்களில் எவர் எந்த மாகாணத்திற் பிறந்தார், தந்தை என்ன தொழில் செய்தார், எத்தனை வயதிற் பதிவானார், தம் பெயரைக் கையொப்பமிட வல்லாரா என்றெல்லாம் அட்டவணை அட்டவணையாகத் தந்தார். பாரிஸில் பிறந்தவர்களிலேயே பாதிக்குச் சற்று மேற்பட்டோர் கையொப்பமிட அறியாதவர். தந்தையர் பெரும்பாலும் கைவினைஞர், கூலியாட்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் இத்தொழிலுக்கு வந்த காரணத்தை அவர் வகுத்துக் காட்டியபோது, 1,400க்கு மேற்பட்டோர் வறுமையின் கொடுமையால் வந்தவராயினர். பெற்றோரை இழந்தோரும் வீட்டினின்று துரத்தப்பட்டோரும், நம்பிய ஆடவரால் கைவிடப்பட்டோரும் அடுத்த பெருந்தொகையினர். முதிய பெற்றோரைக் காப்பாற்றவும், தம்பி தங்கையரை வளர்க்கவும் வந்தோர் சிலர் இருந்தனர்.

விலைமாதரின் உடலமைப்பே வேறு, குரலே வேறு என்று அக்காலத்துக் கற்றோரும் நம்பியிருந்தனர். பரோன்-துஷாத்தலே அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பலவற்றைத் தள்ளிவிட்டார். அவர் கண்ட மற்றோர் உண்மை இன்னும் பெரியது. இப்பெண்களிற் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இத்தொழிலை விட்டு நீங்கித் தையற்காரியாகவும், வேலைக்காரியாகவும், மனைவியாகவும் சமூகத்தினுள் மீண்டும் கலந்துவிடுகின்றனர் என்பது அது. வேறொரு சாதியாக அவர்களை ஒதுக்கிவைக்க இயலாது. நேற்று அவர்கள் நம்மிடமிருந்து சென்றவர்கள், நாளை நம்மிடமே மீள்பவர்கள். 1836இல் இதனை அட்டவணை கொண்டு நிறுவியது சிறிய செயலன்று.

அரசாங்கம் அந்நூலிலிருந்து இதனையா எடுத்துக்கொண்டது? இல்லை. ஒரு பெருநகரத்துக்குக் கழிவுநீர்க் கால்வாய் எவ்வாறு தவிர்க்க முடியாததோ அவ்வாறே விலைமாதரும் தவிர்க்க முடியாதவர் என்று ஆசிரியர் ஓரிடத்தில் ஒப்பிட்டிருந்தார். கால்வாயை மூடிவைத்துக் கண்காணிப்பது போல இவர்களையும் பொலிஸார் பதிந்து, வைத்தியர் சோதித்துக் கண்காணிக்க வேண்டும் என்பது அவர் துணிபு. அந்த ஒப்புமைதான் ஐரோப்பா முழுவதும் பரவியது. பதிவேட்டு முறைக்கு அது ஞானநூலாயிற்று. பிரான்சில் விடுதிகள் மூடப்பட்டது 1946இல்; சுகாதாரப் பதிவேடு ஒழிந்தது 1960இல். ஒரு நூலின் அட்டவணைகளை மறந்து, உவமையை மட்டும் நூறாண்டுக்கு மேல் ஆண்டு அனுபவித்தார்கள் என்று சொல்வது மிகையாகாது. அந்த ஆராய்ச்சியின் குறையும் அதிலேயே இருந்தது. பொலிஸாரின் ஏட்டிலிருந்து எழுந்த ஆராய்ச்சிக்குப் பொலிஸாரின் கண்ணே கண்ணாக அமைந்தது. ஏட்டில் ஏறாத பெண்களை அவரால் எண்ண முடியவில்லை. ஏட்டில் ஏறியவர்களிடம், இந்த ஏடு உங்களுக்கு என்ன செய்தது என்று அவர் கேட்கவுமில்லை.

இங்கிலாந்தின் கதை நம்மவர்க்கு ஓரளவு தெரிந்ததே, சுருக்கமாகச் சொல்கிறேன். படைவீரரிடையே மேகநோய் பெருகியதென்று 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் தொற்றுநோய்ச் சட்டங்கள் இயற்றப்பட்டன. படைத்தளங்களும் துறைமுகங்களுமான ஊர்களில், ஒரு பெண்ணைப் ‘பொது விலைமாது’ என்று பொலிஸார் ஐயுற்றால் அவள் சோதனைக்கு உட்பட வேண்டும். நோய் இருந்தால் பூட்டிய வைத்தியசாலையில் இருத்தப்படுவாள். அச்சொற்றொடருக்குப் பொருள் இன்னதென்று சட்டம் விளக்கவில்லை. படைவீரனுக்குச் சோதனை இல்லை. யோசபின் பட்லர் அம்மையார் தலைமையிற் பெண்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆதரித்தோரும் எதிர்த்தோரும் படை வைத்தியத் திணைக்களத்தின் அதே புள்ளிவிபரங்களைக் கையிலேந்தி நேர்மாறான முடிவுகளைக் கூறினர். 1883இல் நிறுத்திவைக்கப்பட்ட அச்சட்டங்கள் 1886இல் ஒழிக்கப்பட்டன. இந்தியாவில் 1868இல் வந்த அத்தகைய சட்டம் 1888இல் நீங்கிற்று.

இனி நான் விரிவாகப் பேச விரும்புவது நியூசிலாந்தைப் பற்றி. மக்கட்டொகையில் நம் நாட்டிற் கால்பங்கு அளவேயான அந்த நாட்டில், ஆராய்ச்சியும் சட்டமும் கைகோத்து நடந்த ஒரு நிகழ்ச்சி நடைபெற்றது. அதன் நிறைகளும் குறைகளும் நன்கு பதிவாகியிருக்கின்றன.

2003க்கு முன் அங்கே இருந்த சட்டத்தின் விந்தையைப் பாருங்கள். உடலை விற்பது குற்றமன்று. ஆனால் அதற்காக ஒருவனை அழைப்பது குற்றம். விடுதி நடத்துவது குற்றம். அவ்வருவாயில் வாழ்வது குற்றம். விலை பேச வந்த ஆடவன் எக்குற்றமும் செய்தவனல்லன். 1978இன் மசாஜ் நிலையச் சட்டத்தின்படி, நிலையம் நடத்துவோர் தம்மிடம் வேலை செய்யும் பெண்களின் பெயர்களை ஏட்டில் எழுதிவைக்க வேண்டும்; பொலிஸார் அதனைப் பார்வையிடலாம். பாரிஸ் நகரத்து ஏடு தென்கடல் தீவிலும் வந்து முளைத்தது! அழைத்த குற்றத்துக்காக ஒருமுறை தண்டிக்கப்பட்டவளுக்கு அந்நிலையங்களில் இடமில்லை. ஆகவே அவள் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

1980களில் எய்ட்ஸ் நோய் பரவிற்று. ஆணுறை வைத்திருங்கள் என்று சுகாதாரத் திணைக்களம் சொல்லிற்று. வைத்திருந்தாலோ, அதுவே தொழிலுக்குச் சான்று என்று பொலிஸார் எடுத்துக்கொண்டனர். ஓர் அரசாங்கத்தின் வலக்கை கொடுத்ததை இடக்கை குற்றப் பொருளாக்கிற்று. உயிர் காக்கும் பொருளைப் பையில் வைத்திருப்பதா, வீட்டில் விட்டுச் செல்வதா என்பது அப்பெண்ணுக்கு இரவுதோறும் எழும் கேள்வியாயிற்று. 1987இல் அத்தொழிலில் உள்ளோரே கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அடுத்த ஆண்டே சுகாதார அமைச்சு நோய்த்தடுப்பு வேலையை அச்சங்கத்திடம் ஒப்படைத்துப் பணமும் கொடுத்தது. குற்றவாளிகள் என்று ஒரு திணைக்களம் துரத்தியவர்களை மற்றொரு திணைக்களம் உத்தியோக முறையில் நாடியது வேடிக்கைதான்; ஆயினும் பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் வித்து அதுவே.

1999இல் கிறைஸ்ட்சேர்ச் நகரில், லிபி பிளம்ரிட்ஜ், கிலியன் ஏபெல் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 303 பெண்களிடம் விசாரித்து ஓர் ஆய்வு செய்தனர். தெருவில் நிற்போரும், விடுதிகளுக்குள் தொழில் செய்வோரும் ஒரே வகையினரல்லர். வன்முறையும் இடர்ப்பாடும் தெருவில் நிற்போரையே மிகுதியாகத் தாக்குகின்றன என்று அது காட்டிற்று. 2000ஆம் ஆண்டில் ரிம் பார்னெற் என்னும் உறுப்பினர் பாராளுமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். குற்றச்சட்டத்தினின்று இத்தொழிலை விடுவித்து, ஏனைய தொழில்களைப் போன்று தொழிற் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படுத்துவது அதன் நோக்கம். மூன்று ஆண்டு வாதம் நடந்தது. 2003 ஜூன் 25ஆந் திகதி இறுதி வாக்கெடுப்பில் 60 பேர் ஆதரித்தனர், 59 பேர் எதிர்த்தனர், ஒருவர் வாக்களியாதிருந்தார். முன்னாளில் அத்தொழிலில் இருந்தவரும், பாலினம் மாறியவருமான ஜோர்ஜினா பேயர் என்னும் உறுப்பினர், இச்சட்டம் அன்று இருந்திருந்தால் தமக்கு நேர்ந்த கொடுமைக்கு முறையிட ஓரிடம் இருந்திருக்கும் என்ற கருத்துப்பட அன்று பேசினார். ஒரு வாக்கினால் நின்ற சட்டமாகையால், ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு.

அச்சட்டத்தில் நான் மிகவும் மதிப்பது ஓர் ஏற்பாட்டை. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் ஐந்தாண்டு முடிவதற்குள்ளும் சட்டத்தின் பயனை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்று சட்டமே விதித்தது. பதினொருவர் கொண்ட குழு அமைந்தது. தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற பொலிஸ் உயர் அதிகாரி. தொழிலாளர் சங்கம் பெயர் குறித்த மூவருக்கு அதில் ஆசனம் இருந்தது. முன்னொரு காலத்தில் துரத்தியவரும் துரத்தப்பட்டவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர்.

அக்குழுவுக்காக ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறைஸ்ட்சேர்ச் வைத்தியக் கல்லூரியினர் பெரிய ஆய்வொன்றை நடத்தினர். ஐந்து இடங்களில் 772 பேரிடம் வினாக்கொத்து வழியாகச் செய்தி பெற்றனர். 58 பேரிடம் நெடுநேரம் உரையாடினர். வினாக்களை வகுப்பதிலும், வினாவுவதிலும் சங்கத்தைச் சேர்ந்தோரே பயிற்சி பெற்றுப் பங்கு கொண்டனர். இது எதற்கென்று சிலர் ஐயுறக்கூடும். தம்மை இகழமாட்டார் என்று நம்பினாலன்றி எவரும் உண்மை சொல்லார். பொலிஸ் அதிகாரி உடன் நிற்க விடுதியினுட் சென்ற பாரிஸ் வைத்தியருக்குக் கிடைத்த விடைகளுக்கும், இவர்களுக்குக் கிடைத்த விடைகளுக்கும் வேற்றுமை இருந்தே தீரும். மறுபுறம், சங்கத்தார் கேட்டால் சங்கத்துக்கு இனிக்கும் விடையே வரும் என்ற தடையும் எழுந்தது. தடை நியாயமானதே. அதனாலேயே ஆய்வு முறையை ஒளிக்காமல் அறிக்கையில் விரித்து எழுதியிருக்கின்றனர்.

முடிவுகள் யாவை? சட்டம் வந்ததும் இத்தொழில் பன்மடங்கு பெருகிவிட்டது என்ற பேச்சு நாடெங்கும் இருந்தது. முன்னரே எண்ணிவைத்த ஒரு நகரம் இருந்தமையால் ஒப்பிட முடிந்தது. கிறைஸ்ட்சேர்ச்சில் 1999இல் 375 பேர். 2006இல் 392 பேர். ஏழாண்டில் வளர்ச்சி பதினேழு பேர்! முன்னதாக யாரும் எண்ணாதிருந்தால், அந்தப் பேச்சை மறுக்கவும் இயலாது, நிறுவவும் இயலாது; உரத்த குரலுக்கே வெற்றி கிடைத்திருக்கும். தமக்கு இச்சட்டத்தின்கீழ் உரிமைகள் உண்டென்று நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அறிந்திருந்தனர். விரும்பாத வாடிக்கையாளனை மறுப்பது முன்னினும் எளிதாயிற்று என்று நூற்றுக்கு அறுபது பேருக்கு மேற் கூறினர்.

குழுவின் 2008ஆம் ஆண்டு அறிக்கை பாராட்டுரையன்று. தெருவில் நிற்போர்க்கு வன்முறை நீங்கவில்லை. வன்முறை நேர்ந்தாலும் பலர் பொலிஸாரிடம் செல்லவில்லை. முதலாளிமார் சிலர் பழைய கொடுமைகளைத் தொடர்ந்தனர். உறவினர் அறிந்துவிடுவரோ என்ற அச்சமும் இழிவும் அப்படியே இருந்தன. சட்டம் ஒன்றை நீக்கலாம். அயலாரின் பார்வையை நீக்க அதற்கு வலியில்லை. ஆயினும் 2014இல், விடுதியில் வேலை செய்த பெண் ஒருத்தி தன் முகாமையாளன் தன்னைப் பாலியல்ரீதியாகத் தொந்தரவு செய்தானென்று மனித உரிமை நியாயமன்றத்தில் வழக்கிட்டு 25,000 டொலர் நட்டஈடு பெற்றாள். அத்தொழிலில் இருப்பவளுக்கும் மானம் உண்டென்று ஒரு நீதிமன்று சொன்னது. 2003க்கு முன் அவள் வழக்கிடச் சென்றிருந்தால் விடுதியே சட்டவிரோதம் என்ற கேள்வி முன்னால் வந்து நின்றிருக்கும்.

ஒரு பெருங்குறையையும் சொல்லவேண்டும். தற்காலிக அனுமதியில் நாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் இத்தொழில் செய்யலாகாது என்று சட்டத்தின் 19ஆம் பிரிவு தடுத்தது. ஆட்கடத்தலைத் தடுக்கும் எண்ணத்தோடு வைத்த பிரிவு அது. ஆனால் அவ்வாறு தொழில் செய்யும் பெண், தன்னை ஒருவன் அடித்தாலும் ஏமாற்றினாலும் முறையிட அஞ்சுவாள். முறையிட்டால் நாடு கடத்தப்படலாம். ஏனையோர்க்குத் திறந்த கதவு இவர்களுக்கு மூடியே இருந்தது.

இதற்கு மாறான கொள்கையும் ஆராய்ச்சியைத் துணைக்கழைக்கிறது. மெலிசா பார்லி என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவர் தோழரும் ஒன்பது நாடுகளில் 854 பேரை விசாரித்து 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினரிடம், போர்க்களத்தில் துன்புற்றோரிடம் காணப்படும் மனக்காயத்தின் அறிகுறிகள் இருந்தன என்பது முடிவு. இத்தொழில் முற்றிலும் வன்முறையே, இதனைத் தொழில் என்பதே பிழை என்று அவர்கள் வாதிட்டனர். இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. தெருவிலும் அடைக்கல நிலையங்களிலும் தேடினால் மிகவும் துன்புற்றோரே கிடைப்பர். சங்கத்தின் வழியாகத் தேடினால் ஓரளவு தலைநிமிர்ந்தோர் கிடைப்பர். எவ்விடத்தில் நின்று கேட்டோம் என்பதை மறைத்து, எல்லோரையும் பற்றிப் பேசுவதுதான் பிழை. இப்பிழையை இரு கட்சியாரும் செய்திருக்கின்றனர்.

சுவீடன் நாடு 1999 ஜனவரி முதற்கொண்டு, விற்பவளை விட்டு வாங்குபவனைக் குற்றவாளியாக்கிற்று. நீதித்துறையின் உயர்நிலையிலிருந்த அன்னா ஸ்காரேட் என்னும் அம்மையார் அதனை மதிப்பிட்டு 2010இல் அறிக்கை தந்தார். தெருவில் நிற்போர் தொகை பாதியாகக் குறைந்தது என்று அதிற் கண்டது. ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட ஆணையிலேயே, வாங்குவது குற்றமாகவே தொடரவேண்டும் என்று எழுதியிருந்தது. விடையை முன்னரே கொடுத்துவிட்டுக் கணக்கைச் செய்யச் சொல்வது பள்ளிக்கூடத்திலும் நடவாது. தெருவில் இல்லாதோர் இணையத்தின் வழியாகத் தொழில் செய்தனரா என்ற கேள்விக்குத் தெருவை மட்டும் எண்ணி விடை காண இயலாது. ஆயினும் அச்சட்டம் நார்வே, பிரான்ஸ், அயர்லாந்து முதலிய நாடுகளுக்குப் பரவிற்று. வாங்கும் ஆடவனைச் சட்டத்தின் முன் நிறுத்தியது என்ற வகையில், யோசபின் பட்லர் கேட்ட கேள்விக்கு அது காலந்தாழ்ந்து வந்த ஒரு விடை.

நமக்கு அண்மையில் கல்கத்தாவின் சோனாகாச்சி இருக்கிறது. 1992இல் அங்கே டாக்டர் சமரஜித் ஜானா நோய்த்தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். வெளியார் சென்று உபதேசம் செய்வதை விடுத்து, அப்பெண்களையே சுகாதார ஊழியராக்கினார். ஒருத்தி மட்டும் ஆணுறை வேண்டுமென்றால் வந்தவன் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். தெருவே ஒன்றுகூடிச் சொன்னால் அவன் போக இடமில்லை. இந்த எளிய பொருளியலை வைத்தியருக்குக் கற்பித்தவர்கள் அப்பெண்களே. நூற்றுக்குச் சிலரே ஆணுறை பயன்படுத்திய நிலை மாறிச் சில ஆண்டுகளுக்குள் பெரும்பான்மையோர் பயன்படுத்தினர். பம்பாயில் எச்.ஐ.வி. கிருமி கடுமையாகப் பரவிய அதே காலத்தில் சோனாகாச்சியில் அது குறைந்த அளவிலேயே நின்றது. 1995இல் அவர்கள் தூர்பார் என்னும் சங்கத்தை அமைத்தனர். 2022 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம், இப்பெண்களைப் பொலிஸார் மதிப்புடன் நடத்த வேண்டும் என்றும், ஆணுறையைக் குற்றச் சான்றாகக் கொள்ளலாகாது என்றும் கட்டளையிட்டது. நியூசிலாந்தில் எழுந்த அதே கேள்விதான்.

நம் நாட்டிலோ, இவ்விடயத்தில் நீண்ட காலம் ஆண்ட சட்டங்கள் இரண்டும் ஆங்கிலேயர் இயற்றியவை. ஒன்று 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம். பாரிஸ் வைத்தியரின் நூல் வெளிவந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. மற்றையது 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச்சட்டம். 1841இன் சட்டம், தெருவில் அலையும் ‘பொது விலைமாது’ என்று பேசுகிறது. அச்சொற்றொடர் 1824ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. எத்தனை பெண்கள், எதனால் வந்தனர், எங்கே போயினர் என்று எண்ணியோ கேட்டோ எழுதப்பட்டதன்று. அதனை நமக்குத் தந்த இங்கிலாந்து, தன் தெருக்குற்றச் சட்டத்தில் 1959 முதல் வைத்திருந்த அதே சொற்றொடரை 2009இல் நீக்கிவிட்டது.